மரபுப் பாணிப் பெயர்ப்பலகைகளும் நகரின் அடையாளமும்: கொழும்பு, காலி நகரங்களை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

1

நகரமொன்றின் வீதிப் பெயர்ப்பலகைகள், திசைகாட்டிகள், பொது அறிவித்தல்கள் ஆகியவற்றை ஒரே பாணியில், அந்நகரின் பழைமையை நினைவூட்டும் வகையில் அமைத்தல் இன்று உலகின் பல பாகங்களிலும் பரவிவரும் வழக்கமாகும். பழைய எழுத்து வடிவம், வார்ப்பிரும்புக் கம்பம், ஓட்டுச் சித்திரம், அரச இலச்சினை என்பன இப்பாணியின் உறுப்புகளாக அமைகின்றன. எமது நாட்டிலும், காலிக் கோட்டை 1988 ஆம் ஆண்டிலே உலக மரபுரிமைத் தலங்களுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டதிலிருந்து, பழைய நகர்ப்பகுதிகளை அவற்றின் 'தன்மை' கெடாது பேணுதல் பற்றிய பேச்சு வலுப்பெற்று வந்துள்ளது. கொழும்புக் கோட்டையிலே ஒல்லாந்தர் காலத்து வைத்தியசாலைக் கட்டடம் புதுக்கப்பட்டு 2011 ஆம் ஆண்டில் வணிக வளாகமாகத் திறக்கப்பட்டதும் இப்போக்கின் ஒரு கூறேயாகும்.

இத்தகைய பலகைகளை ஆதரிப்போர், அவை நகரின் ஆளுமையை வெளிப்படுத்துகின்றன என்றும், விளம்பரப் பலகைகளின் இரைச்சலிலிருந்து பழைய வீதிகளை மீட்கின்றன என்றும் வாதிடுவர். எதிர்ப்போர், அவை நகரத்தை நாடக அரங்காக மாற்றிவிடுகின்றன என்பர். இரு சாராரும் பெரும்பாலும் அழகியல் அடிப்படையிலேயே வாதாடுகின்றனர். ஆயின், பொதுப் பலகை என்பது முதலில் ஒரு சமூகச் சாதனம். அதனை நாட்டுபவர் ஒருவர், வாசிப்பவர் பிறிதொருவர். இவ்விருவருக்கும் இடையிலான உறவு யாது என்ற வினாவை எழுப்பாது, பலகையின் நிறத்தையும் எழுத்தையும் பற்றி மட்டும் பேசுதல் பயன் தராது. இவ்வினாவை வரலாற்று அடிப்படையில் நோக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

பெயர்ப்பலகை எனும் பொருள் அண்மைக் காலத்தது எனினும், பொது இடத்தில் எழுத்தை நிறுத்தி மக்களுக்கு ஒன்றை அறிவித்தல் இத்தீவில் மிகப் பழைய வழக்கமாகும். கல்வெட்டுகளை அரசியல் வரலாற்றுக்கான சான்றுகளாக மட்டுமே நாம் வாசித்து வந்துள்ளோம். அவற்றை அவ்வக்காலத்துப் பொது அறிவித்தல்களாகவும் நோக்குதல் வேண்டும். அவ்வாறு நோக்கும்போது, எம்மொழியில் எழுதுவது என்ற தீர்மானம் எவ்வாறு எடுக்கப்பட்டது என்பது தெளிவாகின்றது.

நயினாதீவிலே கிடைத்த முதலாம் பராக்கிரமபாகுவின் கல்வெட்டு இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. பொலநறுவையிலிருந்து ஆட்சி புரிந்த சிங்கள மன்னன் ஒருவன், பன்னிரண்டாம் நூற்றாண்டிலே, ஊறாத்துறைத் துறைமுகம் பற்றிய தனது ஆணையைத் தமிழிலே பொறிப்பித்தான். பரதேசிகளாகிய வணிகர் ஊறாத்துறையிலேயே வந்து இறங்குதல் வேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்கப்படும், யானையும் குதிரையும் கொண்டுவரும் மரக்கலங்கள் கெட்டால் நாலில் ஒரு பங்கும், வாணிகப் பொருள் கொண்டுவரும் மரக்கலங்கள் கெட்டால் பாதியும் பண்டாரத்துக்குரியவை என்பன அவ்வாணையின் செய்திகளாம். ஆணையைப் படிக்க வேண்டியோர் அத்துறையிலே தொழில் செய்த வணிகரும் அதிகாரிகளும். அவர்களது வழக்கு மொழி தமிழ். மன்னனின் மொழி எதுவாயினும், அறிவித்தலின் மொழியை வாசகனே தீர்மானித்தான்.

முதலாம் விசயபாகு இறந்தபின் பொலநறுவையிலே பொறிக்கப்பட்ட வேளைக்காரர் கல்வெட்டும் இவ்வாறானதே. புத்தரின் தந்ததாதுவுக்குரிய கோயிலைத் தாம் காத்துநிற்பதாக வேளைக்காரப் படையினர் அளித்த உறுதி, தலைநகரின் நடுவே, பௌத்த புனித தலமொன்றின் அருகே, தமிழிலே நிறுத்தப்பட்டது. அதனை அந்நகருக்கு ஒவ்வாத ஒன்றாக அக்காலத்தவர் கருதியதாகத் தோன்றவில்லை.

மூன்றாவது சான்று காலியைச் சார்ந்தது. சீனக் கடற்றளபதி செங் ஹோவின் பயணத்தோடு தொடர்புடைய மும்மொழிக் கல்வெட்டு 1409 ஆம் ஆண்டைக் குறிப்பது. சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகள் ஒரே கல்லில் இடம்பெற்றுள்ளன. சீனப் பகுதி புத்தரையும், தமிழ்ப் பகுதி தெனவரை நாயனாரையும், பாரசீகப் பகுதி இசுலாமிய மரபின் இறைவனையும் போற்றுகின்றன. மூன்றிலும் காணிக்கைப் பொருள்களின் பட்டியல் பெருமளவுக்கு ஒத்தவாறு தரப்பட்டுள்ளது. அயலிலிருந்து வந்த வல்லரசு ஒன்று, தென்னிலங்கைக் கரையிலே கூடிய வணிகரும் வழிபடுவோரும் யாவர் என்பதை அறிந்து, அவரவர் மொழியிலே பேச முற்பட்டது. சிங்களம் அக்கல்லில் இடம்பெறாமையும் நாம் மறைக்கத்தக்கதன்று. கடல் வணிகத்தின் மொழிகளையே அவர்கள் கருத்திற் கொண்டனர். உள்நாட்டுக் குடியானவன் அவர்களது வாசகனாக இருக்கவில்லை. எந்தப் பொது எழுத்தும் சிலரை அழைக்கையிற் சிலரை விட்டுவிடுகின்றது என்பதற்கும் இக்கல்லே சான்று.

1911 ஆம் ஆண்டில் இக்கல் காலியிலே கண்டெடுக்கப்பட்டபோது, எழுத்துள்ள முகம் கீழ்நோக்கியிருக்க, நீர்க்கால்வாய் ஒன்றின் மூடுகல்லாகக் கிடந்தது. இன்று அது கொழும்புத் தேசிய நூதனசாலையில் இருக்கின்றது. காலி நகரின் மரபுரிமையைப் பலகைகளில் வெளிப்படுத்த விரும்புவோர், ஒல்லாந்தக் கம்பனியின் இலச்சினைக்கு முன்பதாக இக்கல்லை நினைத்தல் தகும்.

3

இனி, இன்று 'மரபுப் பாணி' எனப் போற்றப்படும் ஐரோப்பியப் பலகைகளின் தோற்றத்தை நோக்குவோம். பதினெட்டாம் நூற்றாண்டுவரை இலண்டன், பாரிஸ் போன்ற நகரங்களின் வீதிகளிற் கடைதோறும் படப்பலகைகள் தொங்கின. சிங்கம், மீன், திறவுகோல், கத்தரிக்கோல் முதலிய உருவங்கள் எழுத்தறிவற்றோர்க்கும் இடத்தை உணர்த்தின. வீடுகளுக்கு இலக்கமில்லாத காலத்தில், முகவரி என்பது இவ்வுருவங்களே. நகர மக்கள் தாமே தம் நகரத்தைப் பெயரிட்டு அறிந்த முறை அது.

அரசு இயந்திரம் வலுப்பெற்றபோது இம்முறை மாறிற்று. பாரிஸில் 1728 ஆம் ஆண்டிலே ஒவ்வொரு வீதியின் தொடக்கத்திலும் முடிவிலும் அதன் பெயரைப் பொறித்தல் வேண்டும் எனப் பொலிஸ் நிருவாகம் பணித்தது. 1761 இல் தொங்கும் பலகைகளைச் சுவரோடு சேர்த்துப் பொருத்துமாறு ஆணையிடப்பட்டது. இலண்டனின் வெஸ்ற்மினிஸ்ரர்ப் பகுதியில் 1762 ஆம் ஆண்டின் வீதிச் சீரமைப்புச் சட்டம் தொங்கும் பலகைகளை அகற்றிற்று. அவற்றினிடத்தை இலக்கங்கள் பிடித்தன. ஒஸ்திரியப் பேரரசிலே 1770 முதல் வீடுகளுக்கு இலக்கமிடப்பட்டதன் நோக்கம் படைக்கு ஆள் சேர்த்தலாகும். வரி, படை, பொலிஸ் ஆகிய மூன்றும் குடிமகனின் வீட்டு வாயிலைக் கண்டறிய வேண்டியிருந்தன. முதலாளித்துவ நகரத்தின் சந்தைக்கும் அஞ்சலுக்கும் அதே தேவை இருந்தது.

பாரிஸின் அடையாளமாக இன்று உலகெங்கும் படங்களிற் காணப்படும் நீலநிற வீதிப்பலகை 1844 ஆம் ஆண்டிலே ரம்புத்தோ என்னும் நிருவாகியின் காலத்தில் வகுக்கப்பட்டது. எரிமலைக் கல்லின் மேல் எனாமல் பூசி, நீலத்தின்மீது வெள்ளை எழுத்துப் பொறிக்கப்பட்டது. மழைக்கும் வெயிலுக்கும் தாங்கி, தூரத்திலிருந்து தெளிவாக வாசிக்கத்தக்கதாக இருத்தலே அதன் சிறப்பு. அதுபோன்றே, இலண்டன் நிலக்கீழ்ப் புகைவண்டிச் சேவைக்காக எட்வேட் ஜோன்ஸ்ரன் வரைந்த எழுத்து 1916 ஆம் ஆண்டிலே வழக்கிற்கு வந்தபோது அது முற்றிலும் புதியதோர் எழுத்து வடிவம். விளம்பரங்களுக்கிடையே நிலையத்தின் பெயரைப் பயணி பிரித்தறியவேண்டும் என்பதே அதன் தேவை.

இவ்விரண்டு எடுத்துக்காட்டுகளும் முக்கியமானதோர் உண்மையை உணர்த்துகின்றன. இன்று மரபுரிமையாக மதிக்கப்படும் பலகைகள் அவை தோன்றிய காலத்திலே பழைமையைப் போலச் செய்தனவல்ல. அவை அக்காலத்தின் புதுமைகள், பயன்பாட்டிலிருந்து பிறந்தவை, நீண்டகாலப் பழக்கத்தினால் மக்களின் உடைமையானவை. அடையாளம் என்பது பயன்பாட்டின் விளைவாக அமைந்தது. அதனை முன்கூட்டியே உருவாக்கிப் பலகையிற் பூசிவிடலாம் என்று கருதுதல், விளைவைக் காரணமாகக் கொள்வதாகும்.

எமது நாட்டிலும் இத்தகைய பலகை ஒன்று உண்டு. 1864 ஆம் ஆண்டிலே தொடங்கிய புகையிரதச் சேவையின் நிலையப் பெயர்ப்பலகைகளை நாம் யாவரும் அறிவோம். மூன்று மொழிகளிலும் ஊரின் பெயர், அடுத்துள்ள நிலையங்களின் தூரம், மலைநாட்டிலாயின் கடல் மட்டத்திலிருந்தான உயரம் என்பன அதிற் காணப்படும். எவரும் அதனை மரபுரிமைப் பொருளாகத் திட்டமிட்டு அமைக்கவில்லை. எனினும், இந்நாட்டின் பொதுப் பலகைகளுள் இதுவே எல்லா மக்களினதும் மனத்திற் பதிந்த வடிவம் எனலாம்.

4

மரபுப் பாணி வேண்டும் என்போர் எந்த மரபை என்று கூறவேண்டிய கடப்பாடுடையர். கொழும்பு நகரின் இடப்பெயர்கள் இவ்விடயத்திற் சிந்தனைக்குரியன.

ஆங்கிலத்திலே 'சீ ஸ்றீற்' என வழங்கும் வீதி தமிழிற் செட்டியார் தெரு. சிங்களத்தில் 'ஹெட்டி வீதிய'. ஆங்கிலப் பெயர் அவ்வீதியின் புவியியலைச் சுட்ட, தமிழும் சிங்களமும் அதன் மாந்தரையும் தொழிலையும் ஒருமித்துச் சுட்டுகின்றன. 'பெற்றா' எனும் ஆங்கில வழக்கு, தமிழின் 'பேட்டை' என்ற சொல்லை ஆங்கிலேயர் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவந்ததனால் ஏற்பட்டது. உள்ளூரவர்க்கு அது புறக்கோட்டை, சிங்களத்திற் 'பிட்டகொட்டுவ'. இரண்டும் ஒரே பொருளன. ஒல்லாந்தத் தளபதி ஹல்வ்ற் என்பவனின் பெயர் தாங்கிய ஹல்ஸ்டோவ், மக்கள் வழக்கில் அளுத்கடை. புதிய கடைத்தெரு என்பது அதன் பொருள். ஆளுவோர் தளபதியை நினைவுகூர, மக்கள் தாம் பொருள் வாங்கிய கடையை நினைவுகூர்ந்தனர். 'மெசெஞ்சர் ஸ்றீற்' என்பதோ சிங்களத்தில் 'மசங் கஸ் வீதிய', அதாவது மசங் மரங்கள் நின்ற தெரு என்பதன் திரிபு. காதில் விழுந்ததை ஆங்கில அதிகாரி ஒருவன் தனக்குத் தெரிந்த சொல்லாக எழுதிக்கொள்ள, மரம் தூதனாயிற்று.

இப்பெயர்களை ஒப்புநோக்கும்போது, தமிழ் வழக்கும் சிங்கள வழக்கும் பல இடங்களில் ஒன்றுபட்டு நிற்க, ஆட்சியாளரின் பெயர் தனித்து நிற்பதைக் காணலாம். ஒரே தெருவிலே தொழில் செய்து வாழ்ந்த இரு மொழி மக்களின் பொது அனுபவம் இது. 'வீதி' என்ற சொல்லே இரு மொழிகளுக்கும் பொதுவானது. குடியேற்ற ஆட்சியின் கட்டடங்களுக்குப் பொருந்தும் என்று கூறி ஆங்கிலப் பெயரைப் பெரிதாகவும், மக்கள் மொழிப் பெயர்களை அதன் ஒலிபெயர்ப்பாகச் சிறிதாகவும் பொறிக்கும் பலகை, இவ்வொற்றுமையின் வரலாற்றை மறைத்துவிடுகின்றது.

கொம்பனித்தெருவின் கதை மேலும் சிக்கலானது. ஆங்கிலத்தில் அது 'ஸ்லேவ் ஐலண்ட்', அடிமைத் தீவு. ஒல்லாந்தர் காலத்திலே கம்பனிக்குரிய அடிமைகள் வாழ்ந்த இடம் அது. ஆபிரிக்காவிலிருந்தும் ஆசியாவின் பிற பகுதிகளிலிருந்தும் கொண்டுவரப்பட்டோர் அவர்களுள் அடங்குவர். இலங்கையில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1844 இலேயாம். தமிழும் சிங்களமும் அவ்விடத்தைக் கொம்பனியின் பெயரால் வழங்கின. ஆங்கிலமே அடிமையின் பெயரைப் பேணிற்று. அண்மைய ஆண்டுகளில், ஆங்கிலத்திலும் சிங்கள வழக்கையே கையாளுதல் வேண்டும் என அரச மட்டத்திற் பணிக்கப்பட்டது. இழிவான பெயர் நீங்கவேண்டும் என்ற உணர்வு நியாயமானதே. ஆயினும் அதன் விளைவை நோக்குவோம். அடிமைகளை வைத்திருந்த கொம்பனியின் பெயர் நிலைக்க, அடிமைகள் அங்கு இருந்தனர் என்பதற்கான ஒரே பொதுச் சுவடு நீங்குகின்றது. பெயரை மாற்றியபின், அங்கு வாழ்ந்தோர் யாவர் என்பதைக் கூறும் பலகை ஒன்றை நிறுத்துதல் அவசியமாகின்றது. மலே வீதி, ஜாவா ஒழுங்கை, ரைபிள் வீதி என்ற பெயர்களும் அப்பகுதியிற் குடியேறிய மலாய்ப் படைவீரரின் வரலாற்றை இன்றும் கூறி நிற்கின்றன. 2010 ஆம் ஆண்டின் பின் நகர அபிவிருத்தியின் பெயரால் அப்பகுதியின் வறிய குடும்பங்கள் பல இடம்பெயர்க்கப்பட்டு, அந்நிலத்தில் உயர்மாடிகள் எழுந்துள்ளன. குடிகள் அகற்றப்பட்ட ஒழுங்கையிலே அழகிய பழைய எழுத்தில் ஒழுங்கையின் பெயர் மட்டும் தொங்குமாயின், அதனை மரபுரிமைப் பாதுகாப்பு என்று அழைக்க எமக்கு மனம் வரவில்லை.

விடுதலைக்குப் பிந்திய பெயர் மாற்றங்களும் இவ்வகையில் ஆராயத்தக்கன. குயீன் வீதி சனாதிபதி மாவத்தையாகவும், நொறிஸ் வீதி ஒல்கொட் மாவத்தையாகவும், ரறற் வீதி தர்மபால மாவத்தையாகவும், கிறீன் பாத் ஆனந்த குமாரசுவாமி மாவத்தையாகவும் மாறின. குடியேற்ற ஆட்சியின் பெயர்களைக் களைதல் தேசிய உணர்வின் இயல்பான வெளிப்பாடாகும். ஆனால் 'மாவத்த' என்ற சிங்களச் சொல் தமிழிலே 'மாவத்தை' என்று ஒலிபெயர்க்கப்பட்டதேயன்றி மொழிபெயர்க்கப்படவில்லை. பழைய ஆங்கிலப் பலகையில் தமிழன் அந்நியனாக நின்றான். புதிய பலகையில் ஒலிபெயர்ப்பாக நிற்கின்றான்.

5

மரபுப் பாணிப் பலகைகளின் ஆற்றலையும் எல்லையையும் ஒருங்கே அறிவதற்கு, ஐக்கிய அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் நகரம் தக்கதோர் ஒப்பீட்டுக் களமாகும். பிரெஞ்சுக்காரரால் 1718 இல் நிறுவப்பட்ட இந்நகரம் 1762 ஆம் ஆண்டின் உடன்படிக்கையால் ஸ்பானியருக்கு உரியதாகி, 1803 இல் ஐக்கிய அமெரிக்காவின் கைக்கு மாறியது. 1788 இலும் 1794 இலும் ஏற்பட்ட பெருந்தீக்களால் நகரின் பெரும் பகுதி அழிந்தது. ஆகவே இன்று 'பிரெஞ்சுக் குடியிருப்பு' எனப்படும் பகுதியின் கட்டடங்களுட் பெரும்பாலானவை பிரெஞ்சு ஆட்சி நீங்கிய பின்னர் எழுந்தவை. 1936 ஆம் ஆண்டிலே அப்பகுதியைப் பேணுவதற்கெனத் தனியான ஆணைக்குழு ஏற்படுத்தப்பட்டது. கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியை அடுத்து, ஸ்பானியப் பாணியில் வண்ணம் தீட்டிய ஓடுகள் வீதி மூலைகளின் சுவர்களிற் பதிக்கப்பட்டன. ஸ்பானிய ஆட்சிக் காலத்தில் அவ்வீதி எப்பெயரால் வழங்கியது என்பதை அவை கூறுகின்றன. றோயல் வீதியின் ஓடு அதனைக் 'காயே றெயால்' என்கின்றது.

இவ்வோடுகளைப் போலி என்று ஒதுக்கிவிட முடியாது. 'பிரெஞ்சு' என்ற பொதுப் பெயரால் மறைக்கப்பட்ட ஸ்பானியக் காலத்தை அவை நினைவூட்டின. ஆண்டுகளைத் தந்தன, இக்காலத்துப் பெயரை நீக்காது அதனோடு சேர்ந்து நின்றன. வரலாற்றறிவு பரப்பும் சாதனம் என்ற வகையில் அவை பாராட்டத்தக்கவை.

ஆனால் அவை நினைவூட்டிய வரலாறு மன்னர்களின் வரலாறே. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே, உள்நாட்டுப் போருக்கு முன், ஐக்கிய அமெரிக்காவின் மிகப் பெரிய அடிமைச் சந்தையாக விளங்கிய நகரம் இது. அலங்கார ஓடுகள் பதிக்கப்பட்ட அதே வீதிகளில், புகழ்பெற்ற விடுதி ஒன்றின் வட்ட மண்டபத்திலே, மனிதர் ஏலத்தில் விற்கப்பட்டனர். அடிமை வணிகம் நடைபெற்ற இடங்களைக் குறிக்கும் பலகைகள் நகரின் முந்நூறாவது ஆண்டாகிய 2018 இலேயே நாட்டப்பட்டன. ஸ்பானியப் பெயர்கள் சுவரேறிப் பல்லாண்டுகள் கழிந்த பின்னரே கறுப்பின மக்களின் துயரம் பலகையேற முடிந்தது. அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தளபதி லீயின் பெயரைத் தாங்கிய பெருவீதி 2022 இலேயே, அந்நகரின் கறுப்பின இசைவாணரான அலன் ரூசானின் பெயரைப் பெற்றது. ஐரோப்பியர் வருமுன் அவ்விடத்துக்கு வழங்கிய 'புல்பாஞ்சா' என்ற பழங்குடிப் பெயரின் பொருள், பல மொழிகள் பேசப்படும் இடம் என்பதாம்.

மொழி பற்றிய செய்தி எமக்கு இன்னும் நெருக்கமானது. 1921 ஆம் ஆண்டின் லூசியானா மாநில அரசியலமைப்பு பாடசாலைகளில் ஆங்கிலத்தையே போதனா மொழியாக்கிற்று. பிரெஞ்சு பேசிய பிள்ளைகள் பாடசாலைகளிலே தண்டிக்கப்பட்டனர். வீட்டிலும் தெருவிலும் ஒரு மொழி நலிவடைந்த காலத்திலேயே, சுவர்களிலே பழைய ஐரோப்பிய மொழிப் பெயர்கள் அழகுப் பொருள்களாயின. ஆபத்தற்றதாகிவிட்ட மொழி அலங்காரமாக ஏற்றுக்கொள்ளப்படுகின்றது. வாழும் மொழியோ பலகையில் இடம் கேட்கும்போது உரிமை கேட்கின்றது, ஆகையால் எதிர்க்கப்படுகின்றது.

6

இவ்வுண்மையை இலங்கைத் தமிழர் தம் அனுபவத்தால் அறிவர். 1956 ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டம் சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கிற்று. 1957 இலே மோட்டார் வாகன இலக்கத் தகடுகளிற் சிங்கள ஸ்ரீ எழுத்துப் புகுத்தப்பட்டபோது, வடக்கிலும் கிழக்கிலும் அதற்கெதிரான இயக்கம் எழுந்தது. 1958 ஆம் ஆண்டின் முற்பகுதியில் அங்கே சிங்கள எழுத்தின்மீதும், அதற்குப் பதிலாகத் தெற்கிலே தமிழ்ப் பெயர்ப்பலகைகளின்மீதும் தார் பூசப்பட்டது. அவ்வாண்டு ஏப்பிரலிற் பண்டாரநாயக்க - செல்வநாயகம் ஒப்பந்தம் கைவிடப்பட்டது. மே மாதத்தில் வன்செயல் வெடித்தது. எழுத்தின்மேற் பூசிய தார் மனித உடல்களின்மீதான வன்முறைக்கு முன்னறிவித்தலாயிற்று. பொதுப் பலகையின் எழுத்து வெறும் அலங்கார விடயம் என்று இந்நாட்டவர் எவரும் கருத முடியாமைக்குக் காரணம் இதுவே.

1978 ஆம் ஆண்டின் அரசியலமைப்பு தமிழைத் தேசிய மொழியாகவும், 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தம் அதனை அரசகரும மொழியாகவும் ஏற்றுக்கொண்டன. 1991 இல் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கான சட்டம் நிறைவேறியது. சட்டத்தில் உள்ளது பலகையில் இல்லாமலும், இருப்பின் எழுத்துப் பிழைகளோடும் காணப்படுதல் எமது அன்றாட அனுபவம். 2021 ஆம் ஆண்டு மே மாதத்திலே, கொழும்பில் அரச திணைக்களமொன்றில் அமைக்கப்பட்ட இலத்திரனியல் நூலகத்தின் நினைவுப் பலகையிற் சிங்களம், ஆங்கிலம், சீனம் ஆகியன இடம்பெற, தமிழ் விடுபட்டது. கண்டனம் எழுந்தபின் அப்பலகை அகற்றப்பட்டது. பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே காலியில் நிறுத்தப்பட்ட கல்லிற் சீனத்தின் அருகே தமிழ் இருந்தது. இடைப்பட்ட அறுநூறு ஆண்டுகளில் அத்தமிழின் இடம் என்னவாயிற்று என்ற வினாவே எமது நகரங்களின் மரபுரிமை பற்றிய விவாதத்தின் மையமாதல் வேண்டும்.

காலிக் கோட்டையை மீண்டும் நோக்குவோம். அதன் பழைய வாயிலின் உட்புறத்தே 1669 ஆம் ஆண்டைக் காட்டும் ஒல்லாந்தக் கம்பனியின் இலச்சினையும், வெளிப்புறத்தே பிரித்தானிய முடியின் இலச்சினையும் உள்ளன. ஒரு வெற்றியாளரின் முகப்பின்மேல் மற்றொருவர் தம் முகத்தை வைத்த காட்சி அது. கோட்டைக்குள்ளே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் முஸ்லிம் மக்களின் வீட்டு மொழி தமிழ். இந்நூற்றாண்டின் தொடக்கம் முதல், கோட்டை வீடுகள் பல விடுதிகளாகவும் அங்காடிகளாகவும் மாறி வந்துள்ளன. இச்சூழலில் ஒல்லாந்தப் பாணிப் பலகை ஒன்றை நாட்டும்போது, அதன் வாசகன் யார்? கயிறு திரித்த தொழிலாளரின் நினைவைத் தாங்கிய லெயின் பான் வீதியின் பெயரை, அதன் பொருள் இன்னதென்று சிங்களத்திலும் தமிழிலும் விளக்கிக் கூறினால் அது வரலாறு. பொருள் கூறாது, விளங்காத ஒலியின் கவர்ச்சிக்காக மட்டும் பொறித்தால் அது விற்பனைப் பொருள்.

7

மேற்கூறியவற்றிலிருந்து சில முடிவுகளைப் பெறலாம். மரபுப் பாணிப் பலகைகள் நகரின் அடையாளத்துக்கு ஒவ்வுமா என்ற வினாவுக்குப் பொதுவான 'ஆம்', 'அன்று' என்ற விடைகள் இல்லை. ஒவ்வொரு பலகையையும் மூன்று அளவுகோல்களாற் சோதித்தல் வேண்டும்.

முதலாவது, மொழி. நகரத்திலே வாழ்ந்து தொழில் செய்வோர் தம் மொழியில், பிழையின்றி, சம அளவு எழுத்தில் அதனை வாசிக்க முடிகின்றதா? உல்லாசப் பயணிக்கு அழகாகத் தோன்றி, புறக்கோட்டையில் மூடை சுமக்கும் நாட்டாமிக்கும் மலைநாட்டிலிருந்து பேருந்தில் வந்திறங்கும் தோட்டத் தொழிலாளிக்கும் வழிகாட்டாத பலகை, பலகையின் முதற் கடமையிலேயே தவறுகின்றது.

இரண்டாவது, சான்று. பலகை காட்டும் பழைமை உண்மையில் அவ்விடத்தில் இருந்ததா? நியூ ஓர்லியன்ஸ் ஓடுகள் ஆண்டும் பெயரும் கூறிப் பொறுப்பேற்கின்றன. எக்காலத்தது என்று கூறாத 'பழைய பாணி' எக்காலத்துக்கும் உரியதன்று.

மூன்றாவது, மாந்தர். ஆட்சியாளரின் பெயரோடு அவ்விடத்தே உழைத்தோரின் பெயரும் கூறப்படுகின்றதா? செட்டியார் தெருவும், கொம்பனித்தெருவின் அடிமைகளும், கயிறு திரித்தோரும், மலாய்ப் படைவீரரும் இலச்சினைகளுக்கு நிகரான இடம் பெறுகின்றனரா?

இவ்வளவுகோல்கள் நடைமுறைக்கு ஒவ்வாதன என்று கூறுவார் இருக்கலாம். பலகையொன்றின் பரப்பு சிறிது. அதில் எல்லா வரலாற்றையும் எழுத முடியாது என்பது உண்மையே. ஆனால் வீதியின் பெயரை மூன்று மொழிகளிலும் தெளிவாகப் பொறித்து, அதன்கீழே மக்கள் வழக்கிலுள்ள பெயரையும் அதன் பொருளையும் ஒரு வரியிற் சேர்ப்பதற்கு மாநகர சபைகளுக்குப் பெருஞ்செலவு ஏற்படாது. உள்ளூர்ப் பாடசாலை ஆசிரியரும், பல்கலைக்கழகங்களின் வரலாற்று, மொழியியல் மாணவரும், அவ்வத்தெருவின் முதியோரும் சேர்ந்து ஒவ்வொரு வட்டாரத்தினதும் தெருப்பெயர்களைச் சிங்கள, தமிழ் வழக்குகளோடு தொகுப்பின், பலகை எழுதுவோர்க்கு வேண்டிய மூலம் கிடைத்துவிடும். முதியோர் மறைந்தபின் இத்தொகுப்பைச் செய்ய இயலாது. குடியிருப்புகள் பெயர்க்கப்படும் வேகத்தை நோக்குமிடத்து, காலமும் அதிகமில்லை. கொழும்பின் வடக்கு, மத்திய பகுதிகளிலிருந்து இப்பணியைத் தொடங்குதல் பொருத்தமாகும். பலகையின் நிறத்தையும் எழுத்து வடிவத்தையும் அதன் பின்னர் தீர்மானித்துக்கொள்ளலாம்.